வளைகோல் வேந்தர் தியான் சந்த்



அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் மாலை வேளையில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு காட்சியைக் காணலாம். சுவரில் கரிக்கட்டியால் மூன்று கோடு கிழித்திருப்பார்கள். அதன் முன்னே ஒரு சிறுவன் மட்டையோடு நிற்பான். கிரிக்கெட் ஆட்டம் நம் மண்ணில் அவ்வளவு வேரூன்றிவிட்டது. ஆனால் நம் நாடு உலக அரங்கில் முதன்முதலாக முடிசூடி நின்ற ஆட்டம் கிரிக்கெட் அன்று. வளைகோல் பந்தாட்டம் எனப்படும் ஹாக்கியே அது.

1926 முதல் 1936 வரையிலான பத்தாண்டுகளை இந்திய ஹாக்கியின் பொற்காலம் என்றால் மிகையாகாது. அந்தப் பத்தாண்டில் இந்தியா 3 ஒலிம்பிக் போட்டிகளில் கலந்து கொண்டது; மூன்றிலும் தங்கப் பதக்கம் பெற்றது; ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. அப்போது நாம் அடிமை நாடு. நமக்கெனக் கொடி இல்லை, நாடாளுமன்றம் இல்லை. இருந்தும் ஆங்கிலேயர் கற்றுக் கொடுத்த ஆட்டத்தில் நம்மை வெல்ல எவராலும் இயலவில்லை. அந்த அணியின் உயிர்நாடியாக விளங்கியவர் ஒரு சாதாரணப் படைவீரர். அவரே தியான் சந்த்.

அவருடைய வாழ்க்கையை நாம் அறிந்து கொள்வது அவர் அடித்த கோல்களை எண்ணி வியப்பதற்காக மட்டும் அன்று. தன்னிடம் வந்த பந்தைத் தனக்கென வைத்துக் கொள்ளாமல் தோழர்க்குக் கொடுத்து உயர்ந்த ஒருவரின் கதை அது. அப்படிக் கொடுத்தவருக்கு நாடு என்ன திருப்பிக் கொடுத்தது என்ற கேள்வியும் அதில் அடங்கியிருக்கிறது.

இளமைப் பருவம்

தியான் சந்த் 1905 ஆகஸ்ட் 29 அன்று அலகாபாத் நகரில் பிறந்தார். அந்நகரை இன்று பிரயாக்ராஜ் என அழைக்கிறோம். தந்தையார் சமேஷ்வர் தத் சிங் ஆங்கிலேய இந்தியப் படையில் பணியாற்றியவர். படைப் பிரிவுக்காக ஹாக்கி ஆடியவர். மூல் சிங், ரூப் சிங் என்போர் தியான் சந்தின் உடன்பிறந்தோர். இவர்களுள் தம்பி ரூப் சிங்கை இக்கட்டுரையில் மீண்டும் சந்திப்போம்.

படையில் பணி என்றால் இடமாற்றம் அடிக்கடி வரும். ஆவடியில் வசிக்கும் படைவீரர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஓர் ஊரில் பள்ளியில் சேர்ந்து, தோழியரின் பெயர்களை மனத்தில் பதிய வைப்பதற்குள் வேறோர் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டி வரும். தியான் சந்தின் குடும்பமும் அவ்வாறே ஊர் ஊராகச் சென்றது. அதனால் அவருடைய பள்ளிப் படிப்பு ஆறு ஆண்டுகளோடு நின்றுவிட்டது. இறுதியில் குடும்பம் ஜான்சி நகரில் நிலைபெற்றது. வீரமங்கை இலட்சுமிபாயின் நகரமே பின்னாளில் இவ்வீரரின் சொந்த ஊராயிற்று.

வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. சிறு வயதில் அவருக்கு ஹாக்கியில் பெரிய நாட்டம் எதுவும் இல்லை. மற்போரே அவருக்குப் பிடித்திருந்தது. பிறவியிலேயே மேதை, தொட்டிலிலேயே மட்டை பிடித்தார் என்றெல்லாம் இவரைப் பற்றிச் சொல்ல வழியில்லை. திறமை நம்மிடம் இல்லையே என்று வருந்தும் தோழியர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

படையும் பயிற்சியும்

1922ஆம் ஆண்டு, தம் பதினேழாம் பிறந்த நாளன்று, அவர் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தார். அங்கேதான் ஹாக்கி அவரைப் பற்றிக் கொண்டது. பாலே திவாரி என்ற சுபேதார் மேஜர் அவருக்கு ஆட்டத்தின் அரிச்சுவடியைக் கற்றுக் கொடுத்தார். பகல் முழுவதும் அணிவகுப்பும் காவல் பணியும் இருக்கும். ஆட்டத்துக்கு நேரம் ஏது? வேலை முடிந்த பிறகு, இரவில், நிலா வெளிச்சத்தில் அவர் தனியாகப் பந்தைத் தட்டிப் பழகினார். மைதானத்தில் மின்விளக்குகள் இல்லாத காலம் அது. அவருடைய இயற்பெயர் தியான் சிங். நிலவுக்காகக் காத்திருந்து பழகியதால் தோழர்கள் சந்திரனைக் குறிக்கும் சந்த் என்ற சொல்லை அவர் பெயரோடு சேர்த்தனர் என்று வழங்கி வருகிறது.

ஹாக்கி ஆட்டத்தில் பந்தைக் கையால் தொடுவதற்கில்லை, காலாலும் உதைப்பதற்கில்லை. மட்டையின் தட்டையான பக்கம் ஒன்றால்தான் பந்தைத் தொடலாம். எதிரணியின் கோலுக்கு முன்னுள்ள வளைவுக் கோட்டுக்குள் இருந்து அடித்தால்தான் கோல் செல்லும். ஆகவே ஓடிக் கொண்டே பந்தை மட்டையோடு ஒட்ட வைத்திருக்கும் கலை இதில் பெரிது. அந்தக் கலையில் தியான் சந்துக்கு இணையானவர் இல்லை. மட்டைக்குள் காந்தம் ஒளித்து வைத்திருக்கிறாரோ, பசை தடவியிருக்கிறாரோ என்று அயல்நாட்டினர் ஐயுற்றதாகப் பல கதைகள் உண்டு. காந்தமும் இல்லை, பசையும் இல்லை. நிலவொளியில் கழித்த இரவுகளே அந்த வித்தை.

1926இல் இந்தியப் படை அணி நியூசிலாந்து சென்றது. அதில் இருபது வயது தியான் சந்தும் இருந்தார். 21 ஆட்டங்களில் 18 வெற்றி, 2 சமநிலை, 1 தோல்வி என அணி திரும்பியது. ஊர் வந்ததும் அவருக்கு லான்ஸ் நாயக் பதவி கிடைத்தது. படைப் படிக்கட்டில் அது ஒரே ஒரு படி.

ஆம்ஸ்டர்டாம், 1928

இந்திய ஹாக்கிச் சம்மேளனம் 1925இல் தோன்றியது. மூன்றே ஆண்டுகளில் அது ஒலிம்பிக்கிற்கு ஓர் அணியை அனுப்பத் துணிந்தது. 1928 மார்ச் மாதம் வீரர்கள் பம்பாயில் கப்பல் ஏறினார்கள். வழியனுப்பத் துறைமுகத்துக்கு வந்தவர்கள் மூன்றே பேர். நாட்டில் எவருக்கும் நம்பிக்கை இல்லை.

அணித்தலைவர் ஜெய்பால் சிங், சோட்டா நாகபுரி மலைப்பகுதியின் முண்டா பழங்குடியைச் சேர்ந்தவர்; ஆக்ஸ்போர்டில் படித்த கிறிஸ்தவர்; பிற்காலத்தில் அரசியல் நிர்ணய சபையில் பழங்குடியினரின் குரலாக ஒலித்தவர். அவருடைய அணியில் இந்துக்களும் முஸ்லிம்களும் சீக்கியர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் இருந்தனர். வெளியே பேசப்பட்ட பிரிவினைகள் எவையாயினும், மைதானத்தில் பந்து அவற்றைக் கேட்பதில்லை.

ஆஸ்திரியாவை 6 கோல்களாலும், பெல்ஜியத்தை 9 கோல்களாலும், டென்மார்க்கை 5 கோல்களாலும், சுவிட்சர்லாந்தை 6 கோல்களாலும் இந்தியா வென்றது. மே 26 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் எதிரணி, போட்டியை நடத்திய ஹாலந்தே. இந்திய அணியில் நோயும் காயமும் மிகுந்திருந்தன. தலைவர் ஜெய்பால் சிங்கும் அன்று ஆடவில்லை. தியான் சந்துக்கே காய்ச்சல். படைவீரனுக்குரிய கடமையுணர்வோடு அவர் களம் இறங்கினார். இந்தியா 3 கோல்கள் அடித்து வென்றது.

ஐந்து ஆட்டங்களில் இந்தியா அடித்தவை 29 கோல்கள். வாங்கியது ஒன்றுகூட இல்லை. கோலைக் காத்து நின்ற ரிச்சர்ட் ஆலன் என்ற ஆங்கிலோ இந்தியரின் பெருமை அது. 29இல் 14 கோல்கள் தியான் சந்தின் மட்டையிலிருந்து பிறந்தவை. மூன்று பேர் வழியனுப்பிய அணியை வரவேற்கப் பம்பாய்த் துறைமுகத்தில் பெருங்கூட்டம் திரண்டது. வெற்றி வந்த பின் மாலை போடப் பலர் வருவர். வெற்றிக்கு முன் கைகொடுப்போர் சிலரே.

மாலைகள் வாடும் முன்பே தியான் சந்த் வடமேற்கு எல்லையில் வசிரிஸ்தான் மலைகளுக்கு அனுப்பப்பட்டார். உலக வீரர் மீண்டும் சிப்பாய்ப் பணிக்குத் திரும்பினார்.

லாஸ் ஏஞ்சல்ஸ், 1932

அடுத்த ஒலிம்பிக் அமெரிக்காவில் நடந்தது. அணியைத் தேர்ந்தெடுக்க மாகாணங்களுக்கு இடையே போட்டி வைத்தார்கள். அதில் கலந்து கொள்ளத் தியான் சந்துக்குப் படைப் பிரிவு விடுப்பு வழங்கவில்லை. தேர்வுக் குழுவினர் போட்டி இல்லாமலேயே அவரைச் சேர்த்துக் கொண்டனர். தம்பி ரூப் சிங் தம் சொந்தத் திறமையால் இடம் பெற்றார். அணித்தலைவர் லால் ஷா புகாரி.

கப்பல் பயணத்தின் தொடக்கத்தில் கொழும்பில் இலங்கை அணியோடு இரண்டு ஆட்டங்கள். ஒன்றில் 20 கோல், மற்றொன்றில் 10 கோல், இலங்கைக்கு ஒன்றுமில்லை. பின்பு சிங்கப்பூர், ஜப்பான் வழியாக அமெரிக்கா சேர்ந்தனர்.

அப்போது உலகெங்கும் பொருளாதார மந்தம். பல நாடுகளுக்கு அமெரிக்கா வரை அணி அனுப்பப் பணமில்லை. ஹாக்கிக்கு வந்தவை இந்தியா, ஜப்பான், அமெரிக்கா என மூன்றே அணிகள். ஜப்பானை இந்தியா 11-1 என்று வென்றது. ஆகஸ்ட் 11 அன்று அமெரிக்காவைச் சந்தித்தது. அன்றைய முடிவு 24-1. ரூப் சிங் 10 கோல், தியான் சந்த் 8 கோல். இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து இந்தியா அடித்த 35 கோல்களில் 25 இந்த அண்ணன் தம்பி இருவருடையவை. அவற்றில் 13 தம்பியுடையது, 12 அண்ணனுடையது! தம்பி தன்னை முந்தினான் என்று அண்ணன் முகம் சுளிக்கவில்லை. தம்பிக்குப் பந்தைத் தள்ளிக் கொடுத்தவர்களில் முதல்வர் அவரேயன்றோ!

ஒலிம்பிக் முடிந்த பின்னும் அணி உடனே வீடு திரும்பவில்லை. பயணச் செலவை ஈடுகட்ட ஐரோப்பிய நாடுகளில் ஆடிக் கொண்டே வந்தது. அந்தச் சுற்றுப்பயணம் முழுவதிலும் 37 ஆட்டங்கள், 338 கோல்கள், அவற்றில் 133 தியான் சந்துடையவை.

இங்கே ஓர் ஒப்பீடு பொருத்தமாகும். அதே ஆண்டுகளில் அமெரிக்கர் கொண்டாடிய விளையாட்டு வீரர் பேப் ரூத். பால்டிமோர் நகரில் கத்தோலிக்கத் துறவற சகோதரர்கள் நடத்திய பள்ளியில் வளர்ந்து, அங்கேயே பேஸ்பால் பழகியவர். நியூயார்க் யாங்கீஸ் என்ற அணிக்காக 1927ஆம் ஆண்டில் மட்டும் 60 முறை பந்தை எல்லைக்கு அப்பால் அடித்து ஓட்டம் எடுத்தவர். 1930இல் அவருக்கு ஆண்டு ஊதியம் 80,000 டாலர். நம் தியான் சந்தோ உலகமே வியந்த பின்னும் படைவீரனின் சம்பளத்தில் வாழ்ந்தவர். ஒருவர் தம் ஆட்டத்தால் செல்வர் ஆனார். மற்றவர் தம் ஆட்டத்தைப் பணியோடு பணியாகச் செய்தார்.

கொடுத்து வாழ்ந்த மட்டை

ஒலிம்பிக் இறுதியாட்டங்களை விட்டுவிட்டு, தாம் ஆடிய ஆட்டங்களில் சிறந்ததாக அவர் கருதியது எது தெரியுமா? 1933இல் கல்கத்தாவில் நடந்த பெய்ட்டன் கோப்பையின் இறுதி ஆட்டம். ஜான்சி ஹீரோஸ் என்ற தம் ஊர் அணிக்காக அவர் அதில் ஆடினார். எதிரே வலிமை மிக்க கல்கத்தா கஸ்டம்ஸ் அணி.

கஸ்டம்ஸ் அணி தாக்கிக் கொண்டே இருந்தது. ஜான்சி அணியோ தடுத்துக் கொண்டே இருந்தது. ஒரு நொடியில் மைதானத்தின் நடுவிலிருந்து தியான் சந்த் ஒரு நீண்ட அடி அடித்தார். பந்து அவருடைய தோழர் இஸ்மாயிலிடம் சென்றது. இஸ்மாயில் பாதி மைதானத்தை ஒரே ஓட்டமாகக் கடந்து பந்தைக் கோலுக்குள் செலுத்தினார். அந்த ஆட்டத்தில் விழுந்தது அந்த ஒரே கோல்தான். கோப்பை ஜான்சிக்குச் சென்றது.

தோழியரே, கவனியுங்கள். நூற்றுக்கணக்கான கோல்கள் அடித்தவர், தாம் கோலே அடிக்காத ஓர் ஆட்டத்தைத் தம் வாழ்வின் சிறந்த ஆட்டமாகத் தேர்ந்தெடுக்கிறார். கோல் அடித்தவர் வேறொருவர். பந்தைக் கொடுத்தவர் இவர். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது. வகுப்பில் முதல் மதிப்பெண் எடுப்பதும் நன்றே. ஆனால் தேர்வுக்கு முன்நாள் தோழிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து, அவள் தேறியதைக் கண்டு மகிழும் மனம் அதைவிடப் பெரிது.

சென்னை வீரர் ஒருவர்

1935இல் இந்திய அணி மீண்டும் நியூசிலாந்து சென்றது. மானவதர் நவாப் ஆட மறுத்ததால் தலைமைப் பொறுப்பு தியான் சந்திடம் வந்தது. இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எனப் பல இடங்களில் 48 ஆட்டங்கள். அத்தனையிலும் வெற்றி! அடித்தவை 584 கோல்கள், வாங்கியவை 40. தியான் சந்த் மட்டும் 43 ஆட்டங்களில் 201 கோல்கள் அடித்தார்.

இந்த அணியில் நம் தமிழ்நாட்டு வீரர் ஒருவரும் இருந்தார் என்பது நமக்குப் பெருமை. அவர் எம். ஜே. கோபாலன், செங்கற்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தில் பிறந்தவர். ஹாக்கியிலும் கிரிக்கெட்டிலும் நாட்டுக்காக ஆடியவர். 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்த ஆட்டத்தில், ரஞ்சிக் கோப்பைப் போட்டிகளின் முதல் பந்தை வீசியவர் இவரே.

1936இல் கோபாலனுக்கு இரண்டு வாசல்கள் ஒரே நேரத்தில் திறந்தன. ஒன்று பெர்லின் ஒலிம்பிக்கிற்கான ஹாக்கித் தேர்வு. மற்றொன்று இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணி. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஹாக்கி அணியோ தங்கத்தோடு திரும்பியது. வாழ்க்கையில் இப்படியும் நேர்வதுண்டு. ஆயினும் அவர் சென்னை மைதானங்களில் தொடர்ந்து ஆடி, பிறரையும் ஆட்டுவித்து, 2003இல் நிறைவாழ்வு வாழ்ந்து மறைந்தார்.

பெர்லின், 1936

பெர்லினுக்குச் சென்ற அணிக்கும் தலைவர் தியான் சந்தே. போட்டி தொடங்குமுன் ஜூலை 17 அன்று ஜெர்மனியோடு ஒரு பயிற்சி ஆட்டம் நடந்தது. அதில் இந்தியா 4-1 என்று தோற்றது. அன்றிரவு அணியில் எவருக்கும் உறக்கம் வந்திருக்காது. குறையை மூடி மறைக்கவில்லை. உடனே தாய்நாட்டுக்குச் செய்தி அனுப்பித் தாரா என்ற ஆட்டக்காரரை வரவழைத்தார்கள். இந்தத் தாரா, நாடு பிரிந்த பின் 1948 ஒலிம்பிக்கில் பாகிஸ்தான் அணியின் தலைவரானார். அன்றோ இருவரும் ஒரே அணி.

ஹங்கேரியை 4 கோல்களால், அமெரிக்காவை 7 கோல்களால், ஜப்பானை 9 கோல்களால், அரையிறுதியில் பிரான்சை 10 கோல்களால் இந்தியா வென்றது. எதிரணிகளுக்கு ஒரு கோலும் இல்லை. இறுதி ஆட்டம் அதே ஜெர்மனியோடு. ஆகஸ்ட் 14 அன்று நடக்க வேண்டியது, மழையால் அடுத்த நாளைக்குத் தள்ளிப் போனது.

ஆட்டத்துக்கு முன் உடை மாற்றும் அறையில் ஒரு நிகழ்ச்சி. மைதானத்தில் ஏறுவது ஆங்கிலேயரின் கொடிதான். ஆனால் அணியின் துணை மேலாளர் பங்கஜ் குப்தா, காங்கிரஸ் இயக்கத்தின் மூவண்ணக் கொடியை அங்கே விரித்தார். ஆங்கிலேயப் படையில் ஊதியம் பெறும் வீரர்களும் அதற்கு வணக்கம் செலுத்தினர். அன்று ஆகஸ்ட் 15. சரியாகப் பதினோராண்டு கழித்து அதே நாளில் அக்கொடியின் வழிவந்த கொடி விடுதலை இந்தியாவில் பறந்தது.

முதல் பாதியில் மைதானம் ஈரம். இந்தியா ஒரே ஒரு கோல்தான் அடிக்க முடிந்தது. இரண்டாம் பாதியில் தியான் சந்த் தம் காலணியைக் கழற்றி எறிந்தார். ஈரப் புல்லில் வழுக்காமல் வேகமாக ஓட அதுவே வழி என்று கண்டார். பின்பு கோல்கள் அடுத்தடுத்து விழுந்தன. நடுவே ஜெர்மன் கோல் காப்பாளர் மோதியதில் அவருடைய பல் ஒன்று உடைந்தது. சிகிச்சை பெற்றுத் திரும்பி வந்தவர் பழி வாங்கவில்லை. பந்தை எதிரணியின் கோல் வரை கொண்டு செல்வதும், அடிக்காமல் பின்னுக்குத் தள்ளிக் கொடுப்பதுமாகத் தம் தோழர்களை ஆட வைத்தார் என்பர். பந்தைக் கட்டுப்படுத்துவது எப்படி என்பதற்கு அது ஒரு பாடம். முடிவு 8-1. அந்தப் போட்டியில் இந்தியா மொத்தம் அடித்தவை 38. வாங்கியது அந்த ஒன்றே. பயிற்சி ஆட்டத்தில் பட்ட தோல்விக்கு ஒரே மாதத்தில் விடை கிடைத்தது.

அந்த ஆட்டத்துக்குப் பின் ஹிட்லர் தியான் சந்தை அழைத்து, ஜெர்மன் படையில் பெரிய பதவி தருவதாகச் சொன்னார், அவர் மறுத்துவிட்டார் என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. அதற்கு உறுதியான சான்று இல்லை. அவருடைய பெருமைக்கு அந்தக் கதை தேவையுமில்லை. அதே பெர்லினில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் என்ற கறுப்பின அமெரிக்கர் நான்கு தங்கம் வென்றார். அடிமை நாட்டின் பதினொரு பேர் ஜெர்மனியை வென்றார்கள். இனத்தால் உயர்ந்தோர் நாங்களே என்று முழங்கிய ஓர் ஆட்சிக்கு, மைதானம் தந்த மறுமொழி இதுவே.

பிற்காலம்

1940, 1944ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளை உலகப் போர் விழுங்கியது. தியான் சந்தின் ஆட்ட வாழ்வின் எஞ்சிய ஆண்டுகளும் அதோடு போயின. 1948இல் விடுதலை இந்தியா லண்டனில் பிரிட்டனையே 4-0 என்று வென்றபோது அவர் அணியில் இல்லை. அப்போது அவருக்கு வயது 42. வழி வெட்டியவர் விலகி நின்றார். மற்றவர் அதில் நடந்தனர்.

1952இல் அவருடைய தன்வரலாறு நூலாக வெளிவந்தது. அதை வெளியிட்டது சென்னையிலிருந்து வந்த ஸ்போர்ட் அண்டு பாஸ்டைம் என்ற விளையாட்டு இதழ். வடநாட்டு வீரரின் வாழ்க்கை நம் சென்னை நகரின் அச்சுக்கூடம் வழியாக உலகுக்குச் சென்றது என்பது பலர் அறியாத செய்தி.

1956இல் மேஜர் பதவியில் படையிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு பத்ம பூஷண் விருது கிடைத்தது. பாட்டியாலாவின் தேசிய விளையாட்டுப் பயிற்சி நிலையத்தில் தலைமைப் பயிற்சியாளராக இருந்து, தாம் கற்றதைப் பிறர்க்குக் கொடுத்தார். பின்பு ஜான்சியில் தம் வீட்டில் வாழ்ந்தார்.

அவருடைய மகன் அசோக் குமாரும் தந்தை வழியில் ஹாக்கி வீரரானார். 1975இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை இந்தியா 2-1 என்று வென்றது. வெற்றிக் கோலை அடித்தவர் அசோக் குமாரே. அந்தத் தந்தையின் நெஞ்சம் அன்று எவ்வளவு குளிர்ந்திருக்கும்!

ஆனால் கடைசி ஆண்டுகள் இன்பமாக இல்லை. கையில் பணம் குறைவு. உடலில் நோய். ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. டெல்லியில் அகில இந்திய மருத்துவ நிலையத்தில் சேர்க்கப்பட்டபோது, நாட்டுக்கு மூன்று தங்கம் தந்தவருக்கு முதலில் கிடைத்தது பொது வார்டில் ஒரு கட்டில். பத்திரிகையாளர் ஒருவர் அதை எழுதிய பிறகே தனி அறை கிடைத்தது. 1979 டிசம்பர் 3 அன்று அவர் உயிர் நீத்தார். உடல் ஜான்சிக்குக் கொண்டு செல்லப்பட்டது. அவர் ஆடிய ஜான்சி ஹீரோஸ் மைதானத்திலேயே, படை மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது.

அவர் மறைந்து எட்டு மாதங்கள் முடியும் முன், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியா மீண்டும் ஹாக்கித் தங்கம் வென்றது. அந்த அணியின் தலைவர் நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன். அதைக் காண முதியவர் இல்லை.

மறைந்த பின் சிறப்புகள் வந்தன. 1980இல் அஞ்சல் தலை வெளியாயிற்று. 2002இல் டெல்லியின் தேசிய விளையாட்டரங்கம் அவர் பெயரைப் பெற்றது. 2021இல் நாட்டின் மிக உயர்ந்த விளையாட்டு விருதுக்கே மேஜர் தியான் சந்த் கேல் ரத்னா என்று பெயர் சூட்டப்பட்டது. அவர் பிறந்த ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு நாள். எல்லாம் நன்றே. ஆயினும் பொது வார்டில் கிடந்த அந்தக் கட்டிலின் அருகே, உரிய நேரத்தில் ஒரு கை நீண்டிருந்தால் அது இவை அனைத்தினும் பெரிய விருதாகியிருக்கும்.

நாம் கொள்ள வேண்டியது

தியான் சந்தின் காலத்தில் ஒலிம்பிக் ஹாக்கியில் பெண்களுக்கு இடமே இல்லை. 1980இல்தான் அந்தக் கதவு திறந்தது. முதல் முறையே நம் நாட்டுப் பெண்கள் நான்காம் இடம் பெற்றனர். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றனர். 2021இல் டோக்கியோவிலும் நான்காம் இடம் வரை போராடினர். எழும்பூரில் உள்ள மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி அரங்கம் நம் ஊர்களிலிருந்து மின்ரயிலில் சென்று வரும் தொலைவில்தான் இருக்கிறது. 2023இல் இந்திய ஆடவர் அணி ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை அங்கேதான் வென்றது. விரும்பும் தோழியர் ஒரு நாள் பெற்றோருடன் சென்று ஆட்டம் காணலாம். மட்டை பிடிக்கவும் தொடங்கலாம்.

எல்லாரும் ஒலிம்பிக் வீராங்கனை ஆக முடியாது. ஆனால் அவரிடமிருந்து எல்லாரும் கற்கக்கூடியவை உண்டு. வசதி இல்லையென்று சோர்ந்திராமல், கிடைத்த நிலவொளியைப் பயன்படுத்துவது ஒன்று. தோற்றால் குறையைத் தேடித் திருத்துவது இரண்டு. பந்து நம்மிடம் வரும்போது, நம்மைவிட நல்ல இடத்தில் நிற்கும் தோழிக்கு அதைக் கொடுக்கத் தயங்காதது மூன்று.

நான்காவது ஒன்றும் உண்டு. அது நமக்கு அவர் கற்பித்ததன்று, அவருடைய முடிவு கற்பிப்பது. நம் வீட்டிலும் தெருவிலும் பள்ளியிலும் ஒரு காலத்தில் நமக்காக உழைத்து, இன்று முதுமையில் தனித்து அமர்ந்திருப்போர் பலர். படையிலும் தொழிற்சாலையிலும் பணியாற்றி ஓய்வு பெற்ற தாத்தாக்கள், நமக்கு முன்னோர்க்கு எழுத்தறிவித்த ஆசிரியைகள். அவர்கள் பெயரை மறைவுக்குப் பின் கல்லில் பொறிப்பதைவிட, உயிரோடு இருக்கும்போதே அருகே அமர்ந்து ஒரு சொல் பேசுவது மேல். கொடுத்தவர்க்குக் காலத்தில் திருப்பிக் கொடுப்போம். வளைகோல் வேந்தருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே ஆகும்.